மூன்றாம் பெட்டி, ஐந்தாம் கதவு

எங்கள் பணிமனையில் எல்லோருக்கும் அவர் 'தள்ளு'தான். நேரில் 'தள்ளு அண்ணே'. சம்பளத் தாளில் வேறு பெயர் இருந்தது. யாராவது அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே இரண்டு நொடி யோசித்துவிட்டுத்தான் திரும்புவார்.

பெயர் வந்த கதை சின்னது. எந்தக் கதவைச் சாத்தினாலும் உள்ளங்கையை வைத்து ஒரு தடவை தள்ளிப் பார்ப்பார். கழிப்பறைக் கதவு, துணி வைக்கும் அலமாரி, சாப்பாட்டுக்கூடத்துக் குளிர்பெட்டி, ஒன்றையும் விட மாட்டார். ஒருமுறை மேலாளரம்மா தன் காரில் எங்களை அழைத்துவந்தார். எல்லோரும் இறங்கினோம், அம்மா சாவியை அழுத்திப் பூட்டினார், இவர் போய்த் தள்ளினார். கார் ஊரைக் கூட்டிவிட்டது. ரயில் ஓட்டுநர் அன்றைக்குச் சூட்டிய பெயர்தான் தள்ளு.

"சின்ன வயசுப் பழக்கம் தம்பி," என்று என்னிடம் சொன்னார். அவருக்கு ஒன்பது வயதாகும்போது அம்மாவும் அப்பாவும் அடுத்தடுத்துப் போய்விட்டார்கள். பதினேழு வயது அக்கா ஒரு தையல் கம்பெனியில் மாலை ஷிஃப்டுக்குப் போவார். தம்பியை உள்ளே விட்டு, வெளியே நின்றபடி கேட்பார்.

"தாழ்ப்பாள் போட்டியாடா?"

"போட்டேன்க்கா."

"தள்ளிப் பாத்தியா?"

அந்தத் தாழ்ப்பாள் தேய்ந்தது. விழுந்த மாதிரி சத்தம் வரும், விழுந்திருக்காது. அக்கா கேட்டுக் கேட்டு, கை தானாகப் போகிற அளவுக்கு ஆகிவிட்டது. பின்னாளில் அக்காவுக்குக் கல்யாணமாகி, மகள் பிறந்து, அந்தப் புருஷன் வேறு குடும்பம் தேடிப் போனபோது, இவர்தான் அந்த வீட்டைத் தாங்கினார். தான் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று கேட்டால், "நாப்பத்தெட்டுக் கதவைக் கட்டிக்கிட்டு அழறேனே, போதாதா?" என்பார்.

நாற்பத்தெட்டு என்பது எங்கள் ரயிலின் கணக்கு. ஆறு பெட்டி, பெட்டிக்கு இரு பக்கமும் சேர்த்து எட்டுக் கதவு. நகரத்தின் நடுவே தூண்களின் மேல் புதிதாகக் கட்டிய பாதை, பதினான்கு நிலையங்கள். பயணிகளுக்குத் திறப்பதற்கு முன்னால் அதை ஓட்டி, நிறுத்தி, குலுக்கிப் பார்க்க வந்தவர்கள் நாங்கள். எல்லோரும் வேறு வேறு ஊர். அவருக்குக் கதவு. எனக்குக் காகிதம். தளத்தில் கையால் எழுதி வரும் குறைத்தாள்களைத் தட்டச்சு செய்து, அலுவலக மொழியிலும் ஒரு பிரதி எழுதி, கோப்பில் சேர்ப்பேன். என் வேலை அனுமதி, வீட்டு வாடகைச் சீட்டு எல்லாம் அந்தக் கோப்பின் முதுகில்தான் உட்கார்ந்திருந்தன.

கடைசிக் கட்டச் சோதனைக்கு ஒரே விதி. ரயில் இருபது நாள் தொடர்ந்து, தன்னால் ஏற்படும் குறை ஒன்றுகூட இல்லாமல் ஓட வேண்டும். ஒரு குறை வந்தால் எண்ணிக்கை பூஜ்யத்துக்குப் போகும். மறுபடி முதல் நாள். சாப்பாட்டுக்கூடத்துச் சுவரில் ஒரு வெள்ளைப் பலகை. மாலையில் வண்டியைப் பணிமனைக்குள் விட்டதும் ஓட்டுநர் வந்து பழைய எண்ணை உள்ளங்கையால் அழித்துப் புது எண்ணை எழுதுவார். எழுதிவிட்டு நடிகர் மாதிரி தலை குனிவார், நாங்கள் தட்டைத் தட்டுவோம். இருபது வரும்வரை யாருக்கும் விடுப்பு கிடையாது.

இன்னொரு விதியும் உண்டு. அதை அப்போது யாரும் பெரிதாக நினைக்கவில்லை. குறை எழுதியவர், அந்தக் குறையின் காரணம் கண்டுபிடித்துக் கோப்பு மூடும்வரை தளத்தில் இருக்க வேண்டும். பார்த்தவர் அவர்தானே. அவர் கையெழுத்துப் போட்டுவிட்டுக் கிளம்பினால், 'காரணம் கிடைக்கவில்லை' என்று கோப்பை மூடிவிடலாம். எண்ணிக்கையும் விட்ட இடத்திலிருந்தே தொடரும்.

பயணிகள் இல்லாத ரயிலுக்குப் பயணிகளின் எடை வேண்டுமே, அதற்கு மணல் மூட்டை. ஒரு ஆளுக்கு மூன்று மூட்டை. இருக்கையிலும் தரையிலும் வரிசையாகக் கிடக்கும். ஓட்டுநர் அவற்றுக்கு உறவுமுறை வைத்திருந்தார். "பெரியப்பா சாஞ்சுட்டாரு பாரு, நிமித்தி வை." "அந்த மாமனார் மூட்டை என்னைக்கும் வழியிலதான் உக்காரும்." மூட்டைகள் கிழிந்து மணல் கொட்டும். கொட்டிய மணல் கதவு ஓடும் பள்ளத்தில் விழும். இரண்டாம் நாளே ஒரு கதவு பாதியில் நின்றது. தள்ளு அண்ணன் குனிந்து விரலை விட்டு, ஒரு சிட்டிகை மணலை எடுத்து மேலாளரம்மாவின் உள்ளங்கையில் வைத்தார். அது ரயிலின் குறை இல்லை, சோதனையால் வந்தது. எண்ணிக்கைக்குச் சேராது. எல்லோரும் மூச்சு விட்டோம். குறைத்தாளில் காரணம் என்ற கட்டத்தில் 'மணல்' என்று எழுதினார்.

அங்கேதான் பிடித்தது சனி. அதற்குப் பிறகு கதவு மெதுவாக மூடினாலும் மணல், இரண்டு தடவை மூடினாலும் மணல். முதலில் குனிந்து பார்த்து எழுதினார்கள். பிறகு எழுதிவிட்டுக் குனிந்தார்கள். அப்புறம் எழுதியதோடு சரி. நானும் தாளைப் பார்க்காமலே தட்டச்சு செய்யும் அளவுக்கு என் விரல்களுக்கு அந்தச் சொல் பழகிவிட்டது.

பதினோராம் நாள் அவருடைய அக்கா மகள் தொலைபேசியில் கூப்பிட்டாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். அக்காவுக்கு ஈரல் முழுக்கப் போய்விட்டது. டாக்டர், மாதத்தில் யோசிக்காதீர்கள், நாளில் யோசியுங்கள் என்று சொல்லியிருக்கிறார்.

"அம்மாவுக்குத் தெரியும் மாமா. 'அவன் வரட்டும், வந்ததும் பாத்துக்கலாம்'னு சொல்லிக்கிட்டே இருக்கு. என்ன பாக்கப் போறாங்கன்னு தெரியல."

"ஒன்பது நாள்மா. பத்தாவது நாள் நான் அங்க இருப்பேன். அதுவரைக்கும் புடிச்சு வை."

"எதைப் புடிச்சு வைக்கச் சொல்றீங்க மாமா?" என்றாள் அந்தப் பெண். அவர் தட்டில் இருந்ததை அப்படியே மூடி வைத்தார். மூடியைத் தள்ளிப் பார்த்தார்.

அதன் பிறகு அந்த வெள்ளைப் பலகையை அவர் பார்த்த பார்வை வேறு. பன்னிரண்டு, பதின்மூன்று. இருபத்தொன்றாம் நாள் காலை விமானத்துக்குச் சீட்டு வாங்கி, அதைத் தலையணை உறைக்குள் வைத்திருந்தார். ஏன் அங்கே என்று கேட்டேன். "திருட வேற என்ன இருக்கு இங்க," என்றார்.

பதினேழாம் நாள் மாலை, மணல் தொல்லை தாங்காமல், மூன்றாம் பெட்டியில் மட்டும் மூட்டைகளை இறக்கித் தண்ணீர் கேன்களை ஏற்றினார்கள். தரையைக் காற்றுக் குழாயால் உறிஞ்சித் துடைத்தார்கள். மற்ற பெட்டிகளுக்குக் கேன் வந்துசேரவில்லை. தள்ளு அண்ணன் அப்போது வண்டியின் மறுகோடியில் ஆறாம் பெட்டியில் இருந்தார். அவருக்கு யாரும் சொல்லவில்லை.

பதினெட்டாம் நாள் காலை அவர் நடைமேடையில் நின்று கதவுகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒவ்வொரு கதவின் மேலும் வெளியே ஒரு ஆரஞ்சு விளக்கு. கதவு திறந்திருக்கும்வரை எரியும், மூடிப் பூட்டியதும் அணையும். எல்லா விளக்கும் அணைந்தால்தான் ஓட்டுநரின் அறையில் பச்சை வரும், வண்டி நகரும். மூன்றாம் பெட்டியின் ஐந்தாம் கதவில் விளக்கு முதலில் அணைந்தது. கதவு கொஞ்சம் கழித்துத்தான் மூடியது. ஒரு நொடிதான். அவர் பாக்கெட்டிலிருந்து பேனாவை எடுத்து எழுதினார். 'பெட்டி 3, கதவு 5, மூடுவதில் தாமதம், மணல்.'

மதியம் களைப்பாக இருக்கிறதென்று அந்தப் பெட்டிக்குள் போய் உட்கார்ந்தார். உட்கார்ந்த இடம் குளுகுளுவென்று இருந்தது. குனிந்து பார்த்தார். கேன். பெட்டி முழுக்கக் கேன்.

என் அறைக்கு ஓடிவந்தார். ஓடிவந்ததில் மூச்சு வாங்கியது.

"தம்பி, காலையில நான் குடுத்த தாள் எங்க?"

"அடிச்சாச்சு அண்ணே. கோப்புக்குப் போயிடுச்சு."

"அது மணல் இல்ல. அந்தப் பெட்டியில மணலே இல்ல. நேத்தே எடுத்துட்டாங்க."

நான் என்ன சொன்னேன் என்பதை இங்கே மறைக்கப் போவதில்லை. எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்து சொன்னேன். "அண்ணே, ரெண்டு நாள்தான் இருக்கு. பழைய மணல் எங்கயாவது ஒட்டியிருக்கும். விடுங்க. மணல்னே இருக்கட்டும்."

அவர் என்னையே பார்த்தார். "இருக்குமா?" என்றார். கோபம் இல்லை. அப்படி இருக்க வேண்டும் என்று என்னைவிட அவர்தான் ஆசைப்பட்டார். "பழசு ஒட்டியிருக்குமா?"

"இருக்கும் அண்ணே."

"சரி. நாளைக்கு அது பக்கத்துலயே நிக்கறேன். நாள் முழுக்க ஒழுங்கா மூடினா, மணல்தான்."

பத்தொன்பதாம் நாள் அப்படியே நின்றார். ஒரு நாளைக்கு வண்டி ஏழு தடவை போய்த் திரும்பும். அந்தப் பக்கக் கதவுகள் போகும்போது மட்டும் திறக்கும். ஆக ஐந்தாம் கதவு அன்றைக்குத் தொண்ணூற்றெட்டு தடவை திறந்து மூட வேண்டும். ஒவ்வொரு தடவையும் உள்ளிருந்து கையால் தள்ளிப் பார்த்துத் தாளில் ஒரு கோடு போட்டார். அந்தத் தாள் இன்னும் என்னிடம் இருக்கிறது. ஐந்து ஐந்தாகக் கட்டிய கோடுகள், காலையில் நேராக, மதியத்துக்கு மேல் சாய்ந்துபோய். நான்காம் ஓட்டம் முடிந்ததும் எனக்குச் செய்தி அனுப்பினார்: 'நல்லா மூடுது.' ஆறாம் ஓட்டம் முடிந்ததும்: 'தங்கமா மூடுது. பெட்டி கட்டலாம்.' சிரிக்கும் முகம் ஒன்றும் போட்டிருந்தார். அவர் அதுவரை எனக்கு அப்படி அனுப்பியதே இல்லை.

ஏழாம் ஓட்டம், பதினோராம் நிலையம். தொண்ணூற்றைந்தாவது தடவை. மாலை வெயில் பெட்டிக்குள் நீளமாக விழுந்திருந்ததாம். கதவு வந்தது, நான்கு விரல் இடைவெளியில் நின்றது. இவர் வண்டி நகராது என்றுதான் நினைத்தார். நகர்ந்தது. உள்ளங்கையை வைத்துத் தள்ளினார். கதவு எந்த எதிர்ப்பும் இல்லாமல் ஒதுங்கியது. ஒரு ஆள் தாராளமாக வெளியே விழலாம். கீழே வீட்டுக் கூரைகள், தண்ணீர்த் தொட்டிகள், கொடியில் காயும் துணி. காற்று அடித்து ஒரு காலிக் கேன் உருண்டது.

அவர் அவசரப் பிடியை இழுத்தார்.

வண்டி இரண்டு நிலையங்களுக்கு நடுவே கிறீச்சிட்டு நின்றது. நின்ற அதிர்ச்சியில் கதவு தானாகப் போய்ச் சாத்திக்கொண்டது. ஓட்டுநர் முன்னறையிலிருந்து பெட்டி பெட்டியாக ஓடிவந்தபோது எல்லாம் மூடி, எல்லாம் சரியாக, தள்ளு அண்ணன் மட்டும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"என்ன அண்ணே?"

"கதவு திறந்திருந்துச்சு."

ஓட்டுநர் கதவைத் தள்ளினார். அசையவில்லை. "எனக்குப் பச்சை வந்துச்சே. பச்சை வராம நான் எடுப்பேனா?"

"உன்னை நான் குத்தம் சொல்லல. அது பொய்ப் பச்சை."

"அண்ணே, நாளைக்கு இருபது," என்றார் ஓட்டுநர். அவருக்கும் ஊரில் கைக்குழந்தை. படத்தில் மட்டும் பார்த்த குழந்தை.

பணிமனைக்கு வந்ததும் மேலாளரம்மா வண்டியின் பதிவுக் கருவியைப் படிக்கச் சொன்னார். நான்தான் அந்த அச்சை எடுத்துக் கொடுத்தேன். பதினோராம் நிலையத்திலிருந்து வண்டி நின்ற இடம்வரை, ஐந்தாம் கதவு 'மூடியது, பூட்டியது' என்றே இருந்தது. ஒரு நொடிகூட விலகல் இல்லை.

மேலாளரம்மா கெட்டவர் இல்லை. மூன்று மாதமாக அவரும் ஒழுங்காகத் தூங்கவில்லை. கதவைச் சாத்திவிட்டு மென்மையாகத்தான் பேசினார்.

"நான் உங்களை நம்பலைன்னு நினைக்காதீங்க. ஆனா மெஷின் மூடியிருந்துச்சுன்னு சொல்லுது. பாத்தது நீங்க ஒருத்தர்தான். காலையிலேர்ந்து பச்சத்தண்ணி குடிக்காம நின்னுருக்கீங்க. ஊர்ல வேற இப்படி."

அவர் மேசைமேல் கிடந்த அச்சையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பிடியில தெரியாம கை பட்டுடுச்சுன்னு எழுதுங்க. சோதனையாளர் தவறு. அது கணக்குல வராது. திட்டு நான் வாங்கிக்கறேன். நாளைக்கு இருபது. நாளன்னைக்கு நீங்க உங்க அக்கா பக்கத்துல இருப்பீங்க. திறக்கறதுக்கு முன்னாடி அந்தக் கதவை நான் கழட்டிப் பாக்கறேன், சரியா?"

"கழட்டினா என்ன தெரியும் மேடம்? ரெண்டு நாள்ல ரெண்டே தடவை பண்ணிருக்கு. கழட்டி மாட்டுவாங்க, நல்லாருக்குன்னு எழுதுவாங்க."

"உங்க கையில இருக்கு," என்று வெறும் குறைத்தாள் ஒன்றை மேசையில் வைத்துவிட்டுப் போய்விட்டார்.

அவர் என் அறையில் வந்து உட்கார்ந்து அக்காவைக் கூப்பிட்டார். ஒலிபெருக்கியில் போட்டிருந்தார். அக்காவின் குரல் தாள் கசங்குகிற மாதிரி வந்தது.

"எப்படா வர்ற?"

"ஒரு கதவுக்கா. சரியா சாத்தல. எனக்கு மட்டும்தான் தெரியுது. எழுதினா மறுபடி ஒண்ணுலேர்ந்து. எழுதலன்னா நாளன்னைக்கு வந்துடுவேன்."

அக்கா மூச்சை இழுத்துக்கொண்டு கேட்டார்.

"தள்ளிப் பாத்தியா?"

"பாத்தேன்க்கா. தொறந்துக்கிச்சு."

"அப்ப சாத்தலடா," என்றார் அக்கா, தன்னை விட்டால் இதைச் சொல்ல ஆள் இல்லை என்கிற மாதிரி. பிறகு, "சீக்கிரம் பாத்துட்டு வா. இவ ஊத்தற கஞ்சியைக் குடிச்சே நான் செத்துருவேன்," என்றார். பக்கத்தில் மகள் ஏதோ திட்டுவது கேட்டது.

அவர் எழுதினார். நான்கு விரல் இடைவெளி, தள்ளியதும் திறந்தது, வண்டி ஓடிக்கொண்டிருந்தது. காரணம் என்ற கட்டத்தில் 'தெரியவில்லை'. பிறகு கோப்பிலிருந்து பதினெட்டாம் நாள் தாளை எடுக்கச் சொல்லி, 'மணல்' என்பதை ஒரே கோட்டால் அடித்துப் பக்கத்தில் கையெழுத்திட்டார். எழுதும்போது அவர் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. அச்சு இயந்திரத்தில் காகிதம் சரியாக இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

அன்று பலகையில் எண் எழுத ஓட்டுநர் வரவில்லை. தள்ளு அண்ணனே போய் அழித்து 0 போட்டார். தட்டை யாரும் தட்டவில்லை.

பிறகு வந்த நாட்களை எப்படிச் சொல்வது? சாப்பாட்டுக்கூடத்தில் அவர் உட்கார்ந்த மேசையில் மற்றவர்களுக்குப் பசி இருக்காது. அவருடைய அலமாரிக் கதவில் யாரோ 'சாத்தவில்லை' என்று எழுதி ஒட்டினார்கள். ஓட்டுநர் நேருக்கு நேர் வந்தாலும் கேனைப் பார்ப்பதுபோல் பார்த்துவிட்டுப் போனார். ஐந்தாம் கதவின் மேல்மூடியைக் கழற்றினார்கள், அளந்தார்கள், மாட்டினார்கள். குறை எதுவும் இல்லை. வண்டி மறுபடி முதல் நாளிலிருந்து ஓடியது. அவர் ஒவ்வொரு நாளும் அந்தக் கதவருகில் நின்று தொண்ணூற்றெட்டு கோடு போட்டார். தொண்ணூற்றெட்டும் நன்றாக மூடின.

இரண்டாவது எண்ணிக்கையின் நான்காம் நாள் மேலாளரம்மா சொன்னார். "போங்க. கையெழுத்துப் போட்டுட்டுக் கிளம்புங்க. யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க."

"நான் போனா கோப்பை மூடிடுவீங்க."

"விதி அதுதான்."

"அப்ப இருக்கேன் மேடம்."

ஆனால் அன்று மாலை என்னிடம் வந்து, "தம்பி, நான் நிஜமாவே பாத்தேனா?" என்று கேட்டார். "வெயில் கண்ணுல அடிச்சுது. காலையிலேர்ந்து சாப்பிடல. தள்ளின மாதிரி எனக்குத் தோணிருக்குமோ? நான் அக்காவை விட்டுட்டு என் தலையில இருக்கற கதவைப் பாத்துக்கிட்டு நிக்கறேனோ?" நான் ஆறுதலாக ஏதோ சொன்னேன். அவர் தன் உள்ளங்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார், அதில் ஏதாவது சாட்சி ஒட்டியிருக்கும் என்பதுபோல.

ஆறாம் நாள் மதிய இடைவேளையில் அக்கா மகள் கூப்பிட்டாள். தொலைபேசியை அம்மாவின் காதருகே வைத்திருப்பதாகச் சொன்னாள். பேச முடியவில்லை, ஆனால் கேட்கிறது என்றாள். பணிமனையின் பின்பக்கம், இறக்கிய மணல் மூட்டைகளை அடுக்கியிருந்த இடத்தில் அவர் நின்றார். நான் தண்ணீர் கொண்டுபோனவன், அப்படியே நின்றுவிட்டேன்.

"அக்கா."

மறுமுனையில் என்னவோ ஒரு சத்தம். மகள்தான் எடுத்துச் சொன்னாள். "கெடச்சுதான்னு கேக்குது மாமா."

அவர் மூட்டைமேல் உட்கார்ந்தார்.

"கெடச்சுதுக்கா," என்றார். "காலையில கெடச்சுது. சின்ன சமாச்சாரம். சரி பண்ணியாச்சு. தள்ளிப் பாத்தேன், நல்லா சாத்திக்கிச்சு. நான் கிளம்பிட்டேன்க்கா. வந்துக்கிட்டே இருக்கேன்."

எவ்வளவு நேரம் அதையே சொன்னார் என்று தெரியாது. வந்துக்கிட்டே இருக்கேன், வந்துக்கிட்டே இருக்கேன். மறுமுனையில் அந்தப் பெண் அழத் தொடங்கிய பிறகும் சொல்லிக்கொண்டிருந்தார். பிறகு எழுந்து, முகத்தைக் கழுவிக்கொண்டு, அன்றைய ஐந்தாம் ஓட்டத்துக்குப் போய் ஏறினார்.

ஒன்பதாம் நாள் காலை, இரண்டாம் நிலையத்தில், ஐந்தாம் கதவு விளக்கை அணைத்துவிட்டுத் திறந்தபடியே நின்றது. பார்த்தவர் ஓட்டுநர். தன் அறையின் பக்கக் கண்ணாடியில் கதவு விளிம்பு துருத்திக்கொண்டிருப்பது தெரிந்து, பச்சை வந்தும் வண்டியை எடுக்கவில்லை. இறங்கி ஓடி, தன் கட்டைவிரலை இடைவெளியில் செருகி, மேலாளரம்மா வந்து கண்ணால் பார்க்கும்வரை எடுக்கவே இல்லை. மேல்மூடியை அந்த நிலையிலேயே கழற்றினார்கள். பூட்டு விழுந்ததா என்று தொட்டுப் பார்க்கும் தகடு, நகத்தளவு, வளைந்திருந்தது. வண்டியின் குலுக்கலில் சில நேரம் தானாக அமுங்கிக்கொள்ளும். அமுங்கினால், பூட்டு விழுந்துவிட்டது என்று விளக்கு அணையும், கதவை இழுக்கும் மோட்டாரும் பாதியிலேயே நின்றுவிடும். கதவு நகர்ந்ததும் விடுபட்டுவிடும், பிறகு அந்த வளைவு தேடினால்தான் தெரியும். அதனால்தான் யாருக்கும் அகப்படவில்லை. மற்றக் கதவுகளையும் பார்த்தார்கள். இன்னும் நான்கில் அதே வளைவு.

ஓட்டுநர் தள்ளு அண்ணனிடம் வந்து நின்றார். "அண்ணே, அந்தப் பேப்பர் ஒட்டினது நான்தான்," என்றார்.

"தெரியும். உன் கையெழுத்து கோழி கிண்டின மாதிரி இருக்கும்."

ஓட்டுநர் அழுதார். இவர் அழவில்லை.

அன்று மாலை கோப்பை மூட என் அறைக்கு வந்தார். விடுப்புக் கடிதத்தை மேலாளரம்மா தன் கையாலேயே எழுதிக் கொடுத்திருந்தார். மடித்துச் சட்டைப்பையில் வைத்திருந்தார். ஊரில் எல்லாம் முடிந்து மூன்றாவது நாள். நான் கடைசித் தாளைத் தட்டச்சு செய்தேன். குறை, இடம், காரணம், எடுத்த நடவடிக்கை. காரணம் கண்டறிந்த நாள் என்ற கட்டத்துக்கு வந்ததும் அவர் என் தோளைத் தொட்டார்.

"தம்பி, அதுல ஆறாம் நாள்னு போட முடியுமா?"

நான் திரும்பிப் பார்த்தேன்.

"ஆறாம் நாள். காலையில." அவர் திரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். "யாருக்கும் ஒரு நட்டமும் இல்ல. தகடு வளைஞ்சது வளைஞ்சதுதான். மூணு நாள் முன்னாடின்னா என்ன, பின்னாடின்னா என்ன."

நான் ஆறு என்று அடித்தேன். அடித்துவிட்டு நாற்காலியை நகர்த்தி அவருக்கு இடம் விட்டேன். அவர் குனிந்து, சின்னப் பிள்ளை எழுத்துக் கூட்டுவதுபோல அந்த வரியை விரலால் தொட்டுத் தொட்டுப் படித்தார். இரண்டாவது தடவையும் படித்தார். வெளியே வண்டி பணிமனைக்குள் வருகிற சத்தம் கேட்டது. கதவுகள் திறந்து, மூடின.

"மாத்திடு," என்றார்.

"அண்ணே, இருக்கட்டுமே."

"ஒன்பதுன்னே போடு."

ஒன்பது போட்டேன். கையெழுத்திட்டார். பேனாவை மூடி என் மேசையில் வைத்துவிட்டு வெளியே போனார். என் அறைக் கதவு அவர் பின்னால் சாத்திக்கொண்டது. வெளிப்பக்கத்திலிருந்து உள்ளங்கை அதில் படும் சத்தத்துக்காக நான் காத்திருந்தேன். வரவில்லை. காலடிச் சத்தம் நடைபாதையில் போய்க்கொண்டே இருந்தது.